கக் ஹேண்டட்: கக்கூஸும் பீச்சாங்கையும் சந்திக்கும் ஓர் ஆங்கிலச் சொல்

பிரிட்டன் நாளிதழ்களின் அரசியல் பத்திகளைப் படிப்பவர்கள் கண்ணில் ஒரு சொல் அவ்வப்போது தட்டுப்படும். ஓர் அமைச்சர் ஒரு விவகாரத்தைக் கையாண்ட விதம் படுமோசமாக இருந்தால் அதை 'கக் ஹேண்டட்' (cack-handed) என்று எழுதுவார்கள். நம் பள்ளி ஆங்கிலத்தில் இது வந்ததில்லை, அமெரிக்கப் படங்களிலும் அநேகமாகக் காதில் விழாது. சரி, அகராதியைப் பார்ப்போம் என்று திறந்தால் குழப்பம் கூடுகிறது. ஒரு பொருள் 'தட்டுத்தடுமாறி, பாங்கில்லாமல் காரியம் செய்கிற' என்று இருக்கும், இன்னொன்று 'இடது கைப் பழக்கம் உள்ள' என்று இருக்கும். சொல்லின் பிறப்பைத் தேடினால் 'மலம்' என்று வந்து நிற்கும்.

அமைச்சருக்கும் இடது கைக்கும் மலத்துக்கும் என்ன சம்பந்தம்? இந்த மூன்றும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்தன என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் அந்தச் சொல் உண்மையில் என்ன செய்கிறது என்று புரியும். தமிழ் வாசகருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலேயர்கள் பலருக்கே தெரியாத பாதி விஷயம் நமக்கு ஏற்கெனவே தெரியும், 'கக்கூஸ்', 'பீச்சாங்கை' என்ற இரண்டு சொற்களில்.

எழுத்துக் கூட்டல் பற்றி ஒரு வார்த்தை. 'ஹேண்ட்', 'பேங்க்' என்று எழுதுகிற வழக்கப்படி 'கேக்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அது பிறந்தநாள் கேக்கோடு போய்ச் சேர்ந்துவிடும். இன்றைய பிரிட்டிஷ் உச்சரிப்பும் 'கக்' என்பதற்கு நெருக்கமாகவே இருப்பதால் இங்கே 'கக்' என்றே வைத்துக்கொள்ளலாம்.

## முதலில், இன்றைய பொருள்

கையோ புத்தியோ காரியத்துக்கு ஒத்துழைக்காமல், செய்ய வந்ததைக் கெடுத்து வைக்கிற தன்மைதான் கக் ஹேண்டட். பிளம்பர் குழாயை இறுக்கப் போய் மரையை உடைத்தாலும் சொல்லலாம், ஓர் அரசாங்கம் நல்ல திட்டத்தை நாசம் செய்தாலும் சொல்லலாம். கெட்டவார்த்தை என்று சொல்ல முடியாது, ஆனால் கொச்சையானது. பத்திரிகையில் எழுதலாம், நீதிமன்றத் தீர்ப்பில் எழுத மாட்டார்கள்.

ஆங்கிலத்தில் இதே வட்டாரத்தில் இன்னும் சில சொற்கள் உலவுகின்றன. எல்லாவற்றையும் 'திறமையின்மை' என்ற ஒரே பெட்டியில் போட்டால் வேறுபாடு போய்விடும்.

1. இன்காம்பிடன்ட்: தேவையான திறனோ தகுதியோ இல்லை என்கிற நேரடித் தீர்ப்பு. அலுவலகக் கடிதத்திலும் வரும்.

2. கிளம்ஸி: குளிரில் மரத்துப்போதல் என்ற பொருளுள்ள ஒரு பழைய வினைச்சொல்லிலிருந்து வந்தது. விரல் விறைத்துப்போனவன் எதையும் சரியாகப் பிடிக்க முடியாது, கீழே போடுவான், இடிப்பான். அந்தக் காட்சிதான் சொல்லானது. குழந்தையைக்கூடச் செல்லமாக இப்படிச் சொல்லலாம், இதில் வன்மம் இல்லை.

3. ஹாம் ஃபிஸ்டட்: ஹாம் என்பது பன்றித் தொடை. பன்றித் தொடை அளவுக்குத் தடித்த முஷ்டி என்பது சொல்லின் படம். இங்கே குறை பலம் இல்லாதது அல்ல, பலம் அதிகமாகிப்போவது. மெல்லத் தொட வேண்டிய இடத்தில் ஓங்கி அடிப்பது.

4. கக் ஹேண்டட்: இதில் பலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காரியத்தைப் பிடிக்க வேண்டிய விதத்தில் பிடிக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. கரண்டியைத் தலைகீழாகப் பிடித்தவரைப் பார்க்கிற மாதிரி.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். வெள்ள நிவாரணம் தருவது என்று ஓர் அரசு முடிவு செய்கிறது. நோக்கம் நல்லது, பணமும் இருக்கிறது. ஆனால் அறிவிப்பு நள்ளிரவில் வருகிறது, விண்ணப்பம் இணையத்தில் மட்டும் கிடைக்கிறது, மின்சாரமே இல்லாத ஊருக்கு அந்த இணையதளம் எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை, இரண்டு வாரம் கழித்து விதியை மாற்றி ஏற்கெனவே விண்ணப்பித்தவர்களை மறுபடியும் வரச் சொல்கிறார்கள். இதில் ஊழல் இல்லை, கொடுமை செய்யும் எண்ணமும் இல்லை. இதைத்தான் பிரிட்டிஷ் பத்தி எழுத்தாளர் கக் ஹேண்டட் என்பார். போலீஸை விட்டுக் கூட்டத்தை அடித்து விரட்டியிருந்தால் ஹாம் ஃபிஸ்டட் என்று எழுதியிருப்பார்.

## 'கக்': நாகப்பட்டினம் வழியாக ஒரு சுற்று

'கக்' என்றால் ஆங்கிலத்தில் மலம். வினையாக வந்தால் மலம் கழிப்பது. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே இந்த வினை எழுத்தில் இருக்கிறது. அதற்கும் முந்தைய பழைய ஆங்கிலத்தில் கழிப்பிடத்துக்கு 'கக் ஹூஸ்' என்று ஒரு பெயர், அதாவது மல வீடு. லத்தீனில் மலம் கழிப்பது 'ககாரே', ஜெர்மனில் 'கக்கென்', ஐரிஷில் மலம் 'கக்', டச்சில் 'கக்'. இந்தோ ஐரோப்பிய மொழிகளில் வெகுதூரம் பரவிய வேர் இது.

டச்சுக்காரர்கள் கழிப்பறையைக் 'கக்ஹௌஸ்' என்றார்கள். அவர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள், 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்து 1781வரை வைத்திருந்தார்கள். இலங்கைக் கரையோரம் 1796வரை அவர்கள் கையில் இருந்தது. அந்த ஆட்சி நமக்கு விட்டுப்போன சொற்கள் கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றும் நன்றாக வேரோடியவை. காசைக் குறிக்கும் 'துட்டு' டச்சு நாணயத்தின் பெயர். இலங்கைத் தமிழில் அலுவலகத்தைக் குறிக்கும் 'கந்தோர்' டச்சுச் சொல். 'கக்கூஸ்' என்பதும் அதே கப்பலில் வந்தது. சிங்களத்திலும் அது இருக்கிறது. டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியாவில் இன்றும் கழிப்பறைக்கு 'ககுஸ்' என்று ஒரு பெயர் உண்டு.

ஆக, கக்கூஸில் இருக்கிற 'கக்'கும் கக் ஹேண்டடில் இருக்கிற 'கக்'கும் உறவுக்காரர்கள். பிரிட்டன் அமைச்சரைத் திட்டுகிற சொல்லின் முதல் பாதியைத் தமிழர்கள் இருநூறு, முந்நூறு ஆண்டுகளாகத் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை, ஏனென்றால் சொல்லாராய்ச்சி என்ற பெயரில் ஒலி ஒத்துப்போவதையெல்லாம் முடிச்சுப் போடுகிற பழக்கம் நம்மிடம் நிறைய. தமிழில் 'கக்கு' என்றால் வாந்தி எடு. அதற்கும் இதற்கும் உறவு சொல்ல ஆதாரம் கிடையாது. குழந்தையிடம் 'கக்கா' என்கிறோமே, அதையும் டச்சுக்காரன் கொடுத்தது என்று சொல்லக் கூடாது. அம்மா, அப்பா போல, வாய் திறந்து மூடுகிற பருவத்துக் குழந்தைக்கு எளிதாக வருகிற ஒலி அது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல மொழிகளில் தானாகவே முளைக்கக்கூடியது. கக்கூஸ் விஷயம் அப்படி அல்ல. 'கூஸ்' என்ற வால் வீடு என்னும் டச்சுச் சொல்லின் தேய்ந்த வடிவம், வந்த வழியும் நமக்குத் தெரியும்.

## இடது கையில் அது எப்படி ஒட்டியது

கக் ஹேண்டட் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் அச்சில் தலைகாட்டுகிறது, அதுவும் இங்கிலாந்தின் வட்டாரப் பேச்சைத் தொகுத்தவர்களின் அகராதிகளில். அங்கே 'கெக் ஹேண்டட்' போன்ற வடிவங்களும் உண்டு. பேச்சில் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்திருக்க வேண்டும். அங்கே அதன் பொருள் இடது கைக்காரர் என்பதும், தடுமாறுகிறவர் என்பதும். அந்தப் பேச்சில் இரண்டும் தனித்தனியாக இல்லை. இடது கையால் செய்கிறவர் தடுமாறித்தான் செய்வார் என்பது கேள்வியே இல்லாத எண்ணமாக இருந்தது.

பிறப்பைப் பற்றி இரண்டு விளக்கங்கள் உலவுகின்றன.

1. மலம் என்ற பொருளுள்ள 'கக்'தான் இது என்பது முதலாவது. அகராதிகள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் சாய்கின்றன.

2. இரண்டாவது ஸ்காண்டிநேவிய வழி. பழைய நார்ஸ் மொழியில் 'கெய்க்ர்' என்றால் பின்னால் வளைந்தது, கோணியது. டேனிஷ் மொழியில் இடது கைக்காரரைக் குறிக்க இதையொட்டி ஒலிக்கும் சொல் இருக்கிறது. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் அந்த மொழி பேசிய வைக்கிங்குகள் குடியேறி, அவர்கள் சொற்கள் நூற்றுக்கணக்கில் அந்த வட்டார வழக்குகளில் தங்கிவிட்டன. 'கெக்' வடிவங்களைப் பார்க்கிறபோது இந்த விளக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

இரண்டும் சேர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. 'கோணல் கை' என்று தொடங்கிய ஒரு சொல், அதன் அர்த்தம் மறந்துபோன பிறகு, எல்லோருக்கும் தெரிந்த 'கக்' பக்கம் சாய்ந்திருக்கலாம். புரியாத சொல்லைப் புரிந்த சொல்லாக மக்கள் வாய் மாற்றிக்கொள்வது எல்லா மொழியிலும் நடக்கிறது.

முதல் விளக்கத்தோடு ஒரு கதை ஒட்டிக்கொண்டு வரும். கீழை நாடுகளில் மக்கள் இடது கையால் கழுவிக்கொள்வார்கள், அதைப் பார்த்துத்தான் இந்தச் சொல் பிறந்தது என்று. எனக்கு இது நம்பும்படியாக இல்லை. இந்தச் சொல் துறைமுகத்திலோ பட்டாளத்திலோ முதலில் தென்படவில்லை, உள்நாட்டு விவசாய மாவட்டங்களின் பேச்சில் தென்படுகிறது. அந்தக் கதை தேவைப்படவும் இல்லை. எதைத் தொட்டாலும் அசிங்கமாக்கி வைக்கிற கை என்ற பொருளே போதுமானது. இன்றும் பிரிட்டிஷ் பேச்சில் தரமில்லாத எதையும் 'கக்' என்பார்கள்.

## ஊருக்கு ஒரு பெயர்

1950 முதல் 1961 வரை லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் ஆர்ட்டன் தலைமையில் இங்கிலாந்தின் வட்டார வழக்குகளைச் சேகரிக்கும் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 313 இடங்களில், பெரும்பாலும் கிராமங்களில், வயதானவர்களிடம் போய் ஒரே கேள்விப் பட்டியலைக் கேட்டார்கள். இடது கைக்காரரை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்பதும் அதில் ஒரு கேள்வி. வந்த பதில்கள் அடுத்தடுத்த மாவட்டத்திலேயே மாறின. கக் ஹேண்டட், கெக் ஹேண்டட், கெகி ஹேண்டட், வடகிழக்கே கடி விஃப்டர், இப்படி நீளும். 'கடி' என்பது அந்தப் பக்கத்தில் கழுதைக்குப் பெயர்.

பக்கத்து மொழிகளிலும் இதே நிலைதான். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'கியார்' என்றால் இடது, தவறு என்ற பொருளும் உண்டு. ஐரிஷில் 'கித்தாக்' என்றால் இடது கைக்காரர், தடுமாறுகிறவர். வெல்ஷில் 'ஹ்வித்' என்றால் இடது, அதிலிருந்து வந்த சொல் ஒன்றுக்குப் பொருள் அலங்கோலமான, பாங்கற்ற.

பத்தில் ஒருவருக்கு இவ்வளவு பெயர் எதற்கு? பெரும்பான்மைக்குத் தனிப் பெயர் வைக்க வேண்டிய தேவையே வருவதில்லை. வலது கைக்காரருக்கு இந்த ஊர்களில் ஒரு பட்டப்பெயரும் கிடையாது.

## நாகரிகமான சொற்களுக்குள்ளும் அதே கை

கக் ஹேண்டட் கொச்சை, அதனால்தான் இப்படி என்று நினைக்கத் தோன்றும். ஆங்கிலத்தின் மிக நாகரிகமான சொற்களை எடுத்தாலும் உள்ளே இதே விஷயம்தான் இருக்கிறது.

1. கோஷ்: சபையில் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாதவரை இப்படிச் சொல்வார்கள். பிரெஞ்சில் இதற்கு இடது என்று பொருள்.

2. அட்ராய்ட், மேலட்ராய்ட்: முதலாவது கைதேர்ந்த, இரண்டாவது அதற்கு எதிர். இரண்டும் 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்தவை. உள்ளே இருக்கிற 'த்ருவா' என்பதற்கு நேரான, சரியான, வலது என்று எல்லாப் பொருளும் உண்டு.

3. டெக்ஸ்டெரிட்டி: கைத்திறன். லத்தீனில் 'டெக்ஸ்டர்' என்றால் வலது. இரண்டு கையாலும் வேலை செய்ய வருகிறவரை ஆம்பிடெக்ஸ்ட்ரஸ் என்கிறார்களே, அதன் நேர்ப்பொருள் 'இரண்டும் வலது கை'. திறமை வலது கையின் சொத்து, இடது கைக்குத் திறமை வந்தால் அதுவும் ஒரு வலது கை ஆகிவிட்டது என்று கணக்கு.

4. சினிஸ்டர்: தீய நோக்கமுள்ள. லத்தீனில் இடது. ரோமானியர்களின் சகுன சாஸ்திரத்தில் இடப்பக்கத்துச் சகுனம் முதலில் நல்லதாகத்தான் இருந்தது, கிரேக்க வழக்கம் கலந்த பிறகுதான் கெட்டதானது.

5. லெஃப்ட்: இடது என்பதற்கான சாதாரணச் சொல்லே அதுதான். பழைய ஆங்கிலத்தில் 'லிஃப்ட்' என்றால் பலவீனமான. பக்கவாத நோய்க்கு அவர்கள் வைத்த பெயரில் இந்தச் சொல் இருக்கிறது.

ஜெர்மனில் 'லிங்கிஷ்' என்றால் இடது சார்ந்த, தடுமாறுகிற. வேலை தெரியாதவருக்கு இரண்டும் இடது கை என்று ஜெர்மானியரும் டச்சுக்காரரும் சொல்கிறார்கள். இத்தாலிய மொழியில் இடது கைக்காரரைக் குறிக்கும் சொல் 'ஊனமான' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இதற்கு நேர் எதிரான வழி ஒன்றும் இருக்கிறது. கிரேக்கர்கள் இடது பக்கத்தை 'அரிஸ்தெரா' என்றார்கள், அதாவது மேலான பக்கம். 'நல்ல பெயர் உடையது' என்று இன்னொரு சொல்லும் வைத்திருந்தார்கள். லெஃப்ட் என்ற சொல் நிலைப்பதற்கு முன்பு ஆங்கிலேயர் சொன்ன பழைய சொல்லுக்கு 'நட்பான பக்கம்' என்று பொருள், ஸ்வீடிஷிலும் டேனிஷிலும் அது இன்றும் வழக்கில் இருக்கிறது. மரியாதையால் இப்படிச் சொன்னார்கள் என்று எண்ண வேண்டாம். நன்னூல் சொல்கிற 'மங்கலம்' இதுதான். சுடுகாட்டை 'நன்காடு' என்று சொல்வது சுடுகாடு நல்ல இடம் என்பதால் அல்ல, பெயர் சொல்லவே அஞ்சியதால்.

## தமிழ் எங்கே சேர்கிறது, எங்கே பிரிகிறது

சொல் அமைப்பைப் பார்த்தால் 'பீச்சாங்கை'யும் 'கக் ஹேண்டட்'டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நம்முடையதில் காரணம் மறைவே இல்லாமல் இருக்கிறது. சாப்பிடுகிற கை சோத்துக்கை, கழுவுகிற கை பீச்சாங்கை. கையை அதன் வேலையை வைத்து அடையாளம் சொல்லியிருக்கிறோம். வழி கேட்டால்கூடச் 'சோத்தாங்கைப் பக்கம் திரும்பு' என்று சொல்கிற ஊர்கள் இருக்கின்றன. 'வலம்' என்பதற்குப் பழந்தமிழில் வலிமை, வெற்றி என்ற பொருள்கள் உண்டு என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஆங்கிலத்தின் 'பலவீனமான பக்கம்' நமக்கும் அந்நியமில்லை.

ஆனால் அடுத்த அடியில் வழி பிரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இடது கை, திறமை இல்லாததற்கு அடையாளமானது. தமிழில் அது அசுத்தத்துக்கும் அவமரியாதைக்கும் அடையாளமானது, திறமையின்மைக்கு அல்ல. பீச்சாங்கையால் காசு கொடுத்தால் கடைக்காரர் முகம் மாறும், ஆனால் அது உங்களுக்கு எண்ணத் தெரியாது என்பதால் அல்ல. 'அவனை இடது கையால் ஒதுக்கித் தள்ளினான்' என்றால் அலட்சியம். இன்னும் முக்கியமான ஒன்று, 'இதையெல்லாம் அவள் இடது கையாலேயே முடித்துவிடுவாள்' என்றால் அது பாராட்டு. வலது கைகூடத் தேவைப்படாத அளவுக்குத் திறமைசாலி என்று பொருள். இந்தியிலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. ஆங்கில வாசகருக்கு இந்த வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கொடுத்தால் நேர் எதிராகப் புரிந்துகொள்வார்.

தமிழ் திறமையைக் கையில் வைத்துத்தான் பேசுகிறது, ஆனால் எந்தக் கை என்று சொல்வதில்லை. கைதேர்ந்தவர், கைவந்த கலை, கைப்பக்குவம் எல்லாம் பொதுவான கை. எதிர்ப்பக்கத்தில் 'கையாலாகாதவன்' இருக்கிறான், அதுவும் பொதுவான கை. கையாலாகாத்தனம் என்பது ஒன்றும் செய்ய முடியாமல் நிற்பது. கக் ஹேண்டட் என்பது செய்யப் புகுந்து கெடுப்பது. முதலாமவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், இரண்டாமவர் கையை விட்டுக் குழப்புகிறார். இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

## கத்தரிக்கோலை இடது கையில் பிடித்துப் பார்த்தால்

இவ்வளவு மொழிகள் ஒரே மாதிரி சொல்கிறபோது ஒரு சந்தேகம் வரும். இடது கைக்காரர்கள் உண்மையிலேயே தடுமாறுகிறார்களோ? பார்க்கிறவர் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கும் என்பது உண்மைதான். அதற்குக் காரணம் கையில் இல்லை, கையில் கொடுத்த பொருளில் இருக்கிறது.

ஒரு சாதாரணக் கத்தரிக்கோலை எடுத்து, முனை எதிர்ப்பக்கம் இருக்கும்படி வலது கையில் பிடித்துப் பாருங்கள். இரண்டு அலகுகளில் வலப்பக்கம் இருக்கிற அலகு மேலே இருக்கும். விரல்களை மூடும்போது கட்டைவிரல் தன்னையறியாமல் வெளிப்பக்கமாகத் தள்ளும், மற்ற விரல்கள் உள்பக்கமாக இழுக்கும். இந்தச் சின்னத் திருகல்தான் இரண்டு அலகுகளையும் ஒன்றோடொன்று உரசவைக்கிறது. காகிதத்தை வெட்டுவது அந்த உரசல்தான்.

இப்போது அதே கத்தரிக்கோலை இடது கைக்கு மாற்றுங்கள். கை அதே திருகலைத்தான் கொடுக்கும், ஆனால் திசை மாறிவிட்டது. அலகுகள் நெருங்குவதற்குப் பதில் விலகுகின்றன, காகிதம் நடுவில் மாட்டி மடங்குகிறது. போதாததற்கு, வெட்ட வேண்டிய கோடு மேல் அலகுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. அதைப் பார்க்கக் கழுத்தைச் சாய்க்க வேண்டும், முழங்கையைத் தூக்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் சரியாகிவிடாதா என்றால், ஆகாது. எப்படிப் புரட்டினாலும் வலப்பக்க அலகுதான் மேலே வரும். இடது கைக்கு என்றே அலகுகளை எதிர்ப்புறமாகப் பூட்டிய கத்தரிக்கோல்தான் வேண்டும்.

இதை வகுப்பறையில் பார்க்கிற ஒருவர் என்ன காண்பார்? ஒரு பிள்ளை உடம்பைக் கோணிக்கொண்டு, காகிதத்தைக் கசக்கிக்கொண்டு, கோட்டை விட்டு விலகி வெட்டுகிறது. பக்கத்தில் இருக்கிற பிள்ளை நேராக வெட்டுகிறது. கக் ஹேண்டட் என்ற சொல் அங்கேயே தயாராகிவிட்டது. எழுத்தும் அப்படித்தான். இடமிருந்து வலமாக எழுதும்போது வலது கை எழுதியதை விட்டு விலகிப் போகிறது, இடது கை எழுதியதன் மேலேயே நகர்கிறது. மைப்பேனா காலத்தில் பக்கமும் கையும் மையாகும். தமிழும் இடமிருந்து வலமாக எழுதுவதால் நம் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். கல்லூரியில் வலப்பக்கம் மட்டும் எழுதுபலகை வைத்த நாற்காலியில் மூன்று மணி நேரத் தேர்வை எழுதும் இடது கைக்காரர் உடம்பைத் திருப்பி உட்கார்ந்தே எழுத வேண்டியிருக்கிறது. அந்த நாற்காலியைச் செய்தவரை யாரும் பாங்கற்றவர் என்று சொல்வதில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

எண்ணிக்கையைப் பார்ப்போம். 2020இல் வெளியான, இருபது லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு, உலகில் இடது கைக்காரர்கள் சுமார் 10.6% என்று கணக்கிட்டது. ஆனால் பிரிட்டனில் 1900ஐ ஒட்டிப் பிறந்தவர்களில் இது 3% அளவுதான் தெரிகிறது. இயற்கை அதற்குள் மாறிவிடாது. பள்ளியில் இடது கையைக் கட்டிப்போட்டும் விரலில் அடித்தும் வலது கையால் எழுதவைத்த காலம் அது. பிரிட்டன் மன்னர் ஆறாம் ஜார்ஜ் சிறு வயதில் இடது கைக்காரர், அவரையும் வலது கைக்கு மாற்றினார்கள். அப்படிக் கட்டாயப்படுத்தப்பட்ட பிள்ளை பழகாத கையால் கிறுக்கியதும் கக் ஹேண்டட் என்றே பார்க்கப்பட்டது. இடது கையால் செய்தாலும் திட்டு, வலது கையால் செய்தாலும் திட்டு.

## தமிழில் எப்படிச் சொல்வது

இந்தச் சொல் செய்தியில் வரும்போது அகராதியின் இடது கைப் பொருளை எடுத்துக்கொண்டு 'அரசின் இடது கை அணுகுமுறை' என்று எழுதினால் இரண்டு தவறு நடக்கும். தமிழில் அலட்சியம் என்று பொருள் மாறும், அரசியல் செய்தி என்பதால் இடதுசாரிக் கொள்கையோ என்றும் படிப்பவர் நினைக்கக்கூடும்.

1. பேச்சு நடை என்றால் 'சொதப்பல்' மிகச் சரியாகப் பொருந்துகிறது. 'அமைச்சர் இதைச் சொதப்பிவிட்டார்' என்பதில் செய்யப் புகுந்தார், கெடுத்தார், கெட்ட எண்ணம் இல்லை என்ற மூன்றும் வந்துவிடுகின்றன. கொச்சையின் அளவும் ஏறக்குறைய அதேதான்.

2. கொஞ்சம் எழுத்து நடை வேண்டும் என்றால் 'பக்குவமில்லாமல் கையாண்டார்', 'கையாளத் தெரியாமல் கெடுத்தார்' என்று எழுதலாம். ஆங்கிலச் சொல்லில் இருக்கிற கையும் இதில் தங்கிவிடுகிறது.

3. நல்ல நோக்கத்தில் தொடங்கி அலங்கோலமாக முடிந்த திட்டத்துக்குப் 'பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை' என்பது நன்றாகப் பொருந்தும். அருமையான ஒன்று தெரியாதவர் கையில் சிக்கிக் கெட்டது என்றால் 'குரங்கு கையில் பூமாலை'. இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. முன்னது விளைவைச் சொல்கிறது, பின்னது ஆளைச் சொல்கிறது.

4. 'ஏனோதானோ' என்று எழுதக் கூடாது. அது அக்கறை இல்லாமல் செய்வது. கக் ஹேண்டட் ஆள் முழு அக்கறையோடு, வியர்வை சிந்திச் செய்துகூடக் கெடுக்கலாம்.

கோல்ஃப் செய்தி என்றால் மட்டும் நிதானிக்க வேண்டும். அங்கே வலது கைக்கு மேலே இருக்க வேண்டிய இடது கையைக் கீழே வைத்து மட்டையைப் பிடிக்கும் முறைக்கே கக் ஹேண்டட் பிடி என்று பெயர். பந்தைக் குழியில் தள்ளும் நுட்பமான அடிக்கு வேண்டுமென்றே அப்படிப் பிடிக்கும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களைச் சொதப்பினார்கள் என்று எழுதிவிடக் கூடாது. பழைய இங்கிலாந்துக் கிராமத்துக் கதையை மொழிபெயர்க்கிறவர்களும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அங்கே ஒரு கிழவர் தன் பேத்தியைக் கக் ஹேண்டட் என்று சொன்னால், அவள் எதையும் உடைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவள் பீச்சாங்கையில் கரண்டி பிடித்திருக்கிறாள், அவ்வளவுதான்.